மீட்டர் விலை சொல்லாத கணக்கு

மீட்டர் என்ன விலை என்று எடுத்த எடுப்பில் கேட்பவரைப் பார்த்ததுமே ஈரோட்டுத் துணி வியாபாரிக்குத் தெரிந்துவிடும், ஆள் தொழிலுக்குப் புதுசு என்று. பழகினவர் வேறு மாதிரி ஆரம்பிப்பார். “நாப்பதுக்கு நாப்பதுங்களா? ரீட் பிக் என்ன? காடா அகலம் அறுபத்தி மூணு வருதா?” விலை கடைசியில்தான் வரும். அதுவும் ரொக்கத்துக்கு ஒன்று, அறுபது நாள் கடனுக்கு ஒன்று என்று இரண்டாக வரும். கேள்விகளின் வரிசையைப் பார்த்தே வியாபாரி விலையைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறார் என்பது என் சந்தேகம். நிரூபிக்க முடியாது.

ஆயத்த ஆடை தைக்கும் சிறிய, நடுத்தர யூனிட்டுகள் பருத்தித் துணியையும் கம்பளித் துணியையும் மொத்தமாக எப்படி வாங்குகின்றன, எங்கே ஏமாறுகின்றன என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். சட்டையின் அடக்க விலையில் பெரிய பங்கு துணிக்குத்தான் போகிறது. தையல் கூலியில் ஐம்பது பைசா குறைக்க நாள் முழுக்கப் பேசும் முதலாளி, துணி வாங்குவதை ஒரு போன் பேச்சில் முடித்துவிடுகிறார்.

பஞ்சு நூலாகிறது, நூல் நெய்யப்பட்டுக் காடாவாகிறது, காடா சலவைக்கும் சாயத்துக்கும் போய் மடிப்பு கலையாத ரோலாகக் கடைக்கு வருகிறது. ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் பணத்தை முடக்கி ஓர் ஆபத்தைச் சுமக்கிறார். நூல் விலை ஏறலாம், நிறம் தப்பலாம், துணி சுருங்கலாம், வாங்கியவர் பணம் தராமல் இழுக்கலாம். ரெடி சரக்காக வாங்குகிறவர் அத்தனை பேரின் ஆபத்துக்கும் சேர்த்து விலை கொடுக்கிறார். நூலாக வாங்குகிறவர் எல்லாவற்றையும் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறார். ஆகவே எந்தப் படியில் நுழைவது என்பதுதான் முதல் முடிவு. விலைப் பேச்சு அதற்குப் பிறகுதான். பருத்தியில், அதிலும் கொங்கு நாட்டில், எந்தப் படியில் வேண்டுமானாலும் இறங்கலாம். கம்பளியில் அந்த வசதி நமக்குக் கிடையாது. இரண்டுக்குமான வேறுபாடு பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகிறது.

பருத்தியில் அடிப்படியிலிருந்து வருவோம். பஞ்சு இங்கே கண்டிக் கணக்கில் விலை பேசப்படுகிறது. ஒரு கண்டி ஏறத்தாழ 356 கிலோ. தமிழக நூற்பாலைகளுக்கு ஆண்டுக்கு ஒரு கோடி பேலுக்கு மேல் பஞ்சு வேண்டும். ஒரு பேல் 170 கிலோ. மாநிலத்தில் விளைவது சில லட்சம் பேல்தான். மீதி குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானா என்று வடக்கிலிருந்தும், கொஞ்சம் வெளிநாட்டிலிருந்தும் வருகிறது. அதனால் ராஜ்கோட்டில் மழை தவறினாலும் நியூயார்க் முன்பேர சந்தை துள்ளினாலும் பல்லடத்துத் தறி அதை உணர்கிறது. 2022 மே மாதத்தில் சங்கர்-6 ரகப் பஞ்சு கண்டி ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டபோது, பழைய விலைக்கு ஆர்டர் எடுத்திருந்த திருப்பூர் யூனிட்டுகள் பட்ட பாடு இன்னும் பேசப்படுகிறது. 2021 பட்ஜெட்டில் பஞ்சு இறக்குமதிக்கு விதித்த 11 சதவீத வரியை 2022 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நிறுத்திவைத்தார்கள். 2025 ஆகஸ்ட் 19 முதல் டிசம்பர் இறுதி வரை மறுபடி நிறுத்தினார்கள். வரி போவதும் வருவதுமாக இருந்தால் ஆறு மாதம் தள்ளிக் கொடுக்க வேண்டிய சட்டைக்கு எந்த விலையை எழுதுவது?

பஞ்சு விலை நமக்கு எதற்கு, துணி வாங்குகிறவனுக்குத் துணி விலை போதாதா என்று கேட்கலாம். போதாது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தால் காரணம் புரியும்.

சட்டைக்கு அதிகம் போகும் பாப்ளினை எடுத்துக்கொள்வோம். பாவும் 40-ஆம் நம்பர் நூல், ஊடையும் 40-ஆம் நம்பர். இஞ்சுக்கு பாவு இழை (ரீட்) 132, ஊடை இழை (பிக்) 72. நூல் நம்பர் என்பது நீளத்தின் கணக்கு: 840 கெஜம் கொண்ட சிட்டம் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருகிறதோ அதுவே நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். 40-ஆம் நம்பர் நூல் ஆயிரம் மீட்டர் சுமார் 14.8 கிராம் இருக்கும். ஒரு சதுர மீட்டர் துணியில் பாவு இழைகளின் மொத்த நீளம் சுமார் 5,200 மீட்டர், ஊடை சுமார் 2,830 மீட்டர். பெருக்கினால் 118 கிராம் வரும். இழைகள் மேலும் கீழும் வளைந்து ஓடுவதால் அதற்கு ஐந்தாறு சதவீதம் கூட்ட வேண்டும். காடா அகலம் 63 இஞ்ச் என்றால் ஓடுமீட்டருக்கு ஏறக்குறைய 200 கிராம் நூல்.

கணக்குக்காக நூல் கிலோ 300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீட்டரில் நூல் மட்டும் 60 ரூபாய். நெசவுக் கூலியைப் பிக் ஒன்றுக்கு இத்தனை பைசா என்று பேசுவதுண்டு. 20 பைசா என்றால் 72 பிக்குக்கு 14 ரூபாய் 40 காசு. கஞ்சி போட, பாவு ஓட்டக் கொஞ்சம் சேரும். இதைவிட மிகக் குறைவாக ஒருவர் அதே துணியை விலை சொன்னால் சந்தோஷப்படக் கூடாது. ஒன்று பிக் குறைந்திருக்கும்; இல்லையென்றால் நூல் நம்பர் மாறியிருக்கும், கோம்டு (சீவிய நூல்) என்று சொல்லிக் கார்டட் (சீவாத நூல்) ஓட்டியிருப்பார்கள், அல்லது பாலியெஸ்டர் புகுந்திருக்கும். 72 பிக் சொல்லி 66 பிக் ஓட்டிய துணியைக் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். இழை எண்ணும் கண்ணாடியை ஒரு இஞ்சில் வைத்து ஊசி முனையால் எண்ணினால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்தக் கண்ணாடி சட்டைப் பையில் அடங்கும். பத்து யூனிட்டுக்குப் போனால் ஒன்றிரண்டில்கூட அது கண்ணில் படுவதில்லை.

காடாவாக வாங்குவது நடுப்படி. சோமனூர், பல்லடம், ஈரோடு, சென்னிமலை, திருச்செங்கோடு வட்டாரத்து விசைத்தறிகளில் பெரும்பகுதி கூலிக்கு ஓடுபவை. ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடையும் கொடுப்பார். தறிக்காரர் நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார். இதனால் ஆடை தைக்கிறவரும் நூலை வாங்கித் தறிக்குக் கொடுத்துத் தனக்கு வேண்டிய துணியை நெய்துகொள்ள முடிகிறது. சொன்ன பிக், சொன்ன நூல் என்று கையில் பிடித்து வாங்கலாம். ஆனால் கூலித் தகராறும் கூடவே வரும். 2025 வசந்த காலத்தில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலி உயர்வு கேட்டுத் தறிகள் வாரக்கணக்கில் நின்றன. இன்னொன்று, பொங்கலுக்கு அரசு வழங்கும் வேட்டி சேலை. 1983-இல் தொடங்கிய திட்டம். அந்த ஆர்டர் தறிக்கு வந்துவிட்டால் ஆடி ஆவணியிலிருந்து மார்கழி வரை கூட்டுறவுச் சங்கத் தறிகள் அதில் முழுகிவிடும். அந்தச் சமயத்தில் காடா தேடிப் போகிறவர் விலை கொஞ்சம் ஏறியே வாங்க வேண்டும். ஊர்க்காரர்களுக்கு இது தெரியும். சென்னையிலிருந்து வருகிறவர் ஐப்பசியில் வந்து நின்று ஏன் இந்த விலை என்பார்.

காடாவை வாங்கிச் சாயப்பட்டறைக்குக் கொடுப்பது அடுத்த ஆபத்து. நொய்யல் மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவு ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்ற ஏற்பாட்டோடுதான் அவை மறுபடி திறந்தன. ஆறு பட்ட பாட்டுக்கு அது தாமதமான நீதி என்றே நினைக்கிறேன். ஆனால் அதன் செலவு இன்று ஒவ்வொரு மீட்டரிலும் இருக்கிறது. ஈரோட்டுக் காடா பேல் பேலாகக் குஜராத்துக்கும் ராஜஸ்தானுக்கும் போய் அங்கே நிறம் ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம். சிறிய யூனிட்டுக்கு இதில் வேறொரு சங்கடம் உண்டு. சாயம் ஏற்றும் இயந்திரத்துக்கு ஒரு கொள்ளளவு இருக்கிறது. அதில் கால்வாசிகூட நிரம்பாத ஆர்டரோடு போனால் முழு இயந்திரத்துக்கான கூலியைக் கேட்பார்கள், அல்லது அதே நிறத்தில் இன்னொருவர் வரும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். என் மதிப்பீட்டில், ஒரே நிறத்தில் இரண்டு மூவாயிரம் மீட்டருக்குக் கீழே தேவைப்படுகிறவர் காடா பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

அவர் போக வேண்டிய இடம் ரெடி சரக்குச் சந்தை. ஈரோட்டில் திங்கள் மாலை தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும் கனி மார்க்கெட் வாரச் சந்தை, கங்காபுரத்து டெக்ஸ்வேலி, சென்னை ஜார்ஜ் டவுனில் கோடவுன் தெரு, வடக்கே மும்பையின் மூல்ஜி ஜேட்டா மார்க்கெட், அகமதாபாத்தின் நியூ கிளாத் மார்க்கெட். இங்கே பார்த்து, தொட்டு, அன்றே ஏற்றிக்கொண்டு வரலாம். ஒரே கேள்விதான் பாக்கி: அடுத்த மாதம் அதே துணி, அதே நிறத்தில் கிடைக்குமா? பெரும்பாலும் கிடைக்காது. ஒரு முறை மட்டும் தைத்து முடிக்கிற டிசைனுக்கு இது பொருந்தும். ஆண்டு முழுக்க ஒரே நிறம் தேவைப்படும் சீருடைக்குப் பொருந்தாது.

இந்தச் சந்தையில் நானே கையைச் சுட்டுக்கொண்ட கதை ஒன்று உண்டு. ஒரு சட்டை யூனிட்டில் கணக்கும் கொள்முதலும் பார்த்துக்கொண்டிருந்த காலம். வெளிர் நீல சாம்ப்ரே 800 மீட்டர், மற்ற இடத்தைவிட நான்கு ரூபாய் குறைவாகக் கிடைத்தது. 58 இஞ்ச் அகலத்தில் சட்டைக்கு 1.6 மீட்டர், ஆக 500 சட்டை. மிச்சம் 3,200 ரூபாய் என்று முதலாளியிடம் பெருமையாகச் சொன்னேன். துணி சுருக்க நீக்கம் செய்யப்படாதது என்று வியாபாரியும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு சலவையில் 62 சென்டிமீட்டர் கை 59-க்கு வந்து மணிக்கட்டுக்கு மேலே ஏறிக்கொண்டது. காலரில் இருந்த கேன்வாஸ் சுருங்கவில்லை, மேலே ஒட்டிய துணி சுருங்கியது. காலர் முழுக்கக் குமிழ் குமிழாக எழும்பிவிட்டது. பாதிக்கு மேல் திரும்பி வந்தன. அதற்குப் பிறகு எந்த ரோலிலிருந்தும் 50 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை வரைந்து, வெட்டி, வீட்டு வாளியிலேயே அலசி உலர்த்தி அளக்காமல் மேசைக்கு ஏற்றியதில்லை. 48.5 வந்தால் மூன்று சதவீதம். பேட்டர்னில் அதைக் கூட்டி வெட்டிக்கொள்ளலாம். 47.5 வந்தால் ஐந்து. திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

பின்னல் துணியில் கணக்கே வேறு. நெய்த துணிக்கு மீட்டர், பனியன் துணிக்குக் கிலோ. திருப்பூரில் பெரும்பாலோர் நூலை வாங்கி, நிட்டிங்குக்குக் கொடுத்து, சாயமேற்றி, காம்பாக்டிங் முடித்து எடுப்பவர்கள். மாதம் பிறந்ததும் ஆலைகள் அறிவிக்கும் நூல் விலைதான் அங்கே பஞ்சாங்கம். கிலோவில் வாங்கும்போது ஏமாற்று எடைக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது. சதுர மீட்டருக்கு 180 கிராம் துணி வேண்டும் என்று சொல்லியிருக்கிறீர்கள், 190 வந்திருக்கிறது. கனமாக இருக்கிறதே, நல்லதுதானே என்று தோன்றும். 1.8 மீட்டர் அகலத்தில் 100 கிலோ 180 கிராம் துணி 308 மீட்டர் வரும். 190 கிராம் துணி 292 மீட்டர்தான். பதினாறு மீட்டர் காணாமல் போயிற்று, எடையில் ஒரு கிராம்கூடக் குறையாமல். இதில் ஈரமும் சேரும். பருத்திக்கு வழக்கமாக ஒப்புக்கொள்ளும் ஈரப்பதம் 8.5 சதவீதம். சரியாக உலராமல் கட்டிய ரோலில் அதற்கு மேல் இருப்பது தண்ணீர். துணி விலைக்கு வாங்கிய தண்ணீர். வட்டமாக வெட்டும் கருவியும் ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசும் இருந்தால், 100 சதுர சென்டிமீட்டர் வட்டத்தை நிறுத்து நூறால் பெருக்கிப் பார்த்துவிடலாம்.

இனி கம்பளி. தமிழில் கம்பளி என்றதும் நினைவுக்கு வருவது போர்த்திக்கொள்ளும் முரட்டுப் போர்வை. குறும்பர்கள் நெய்த அந்தக் கம்பளிக்கும் கோட்டுத் துணிக்கும் ஆடு என்பதைத் தவிர உறவு குறைவு. நம் கடைகளில் உல்லன் என்ற சொல்லும் அப்படித்தான். அதில் உரோமம் இருக்கிறதா என்பது தனி விசாரணை. வடக்கே ஸ்வெட்டர் சந்தையில் கேஷ்மிலான் என்று ஒரு பெயர் சகஜமாகப் புழங்கும். காஷ்மீரம் ஒலிக்கிறதே தவிர, அது அக்ரிலிக். ஆட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

தமிழ்நாட்டில் கம்பளித் துணி யாருக்கு வேண்டும்? ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு விடுதிப் பள்ளிகளின் பிளேசர், ஓட்டல் ஊழியர் சீருடை, வக்கீல் கோட்டு, கல்யாண ரிசப்ஷன் சூட். சின்னச் சந்தைதான், ஆனால் ஒரு உருப்படியில் லாபம் அதிகம் என்பதால் பலர் இறங்குகிறார்கள். நீலகிரியில் சாண்டிநல்லாவிலும் கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும் ஆட்டு ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. நீலகிரி என்ற பெயரிலேயே ஓர் ஆட்டினம் உண்டு. ஆனாலும் தெற்கே கோட்டுத் துணிக்கான உரோமத் தொழில் உருவாகவில்லை. இந்தியாவில் ஆண்டுக்கு விளையும் 3.3 கோடி கிலோ சொச்சம் உரோமத்தில் ராஜஸ்தானுக்கே பெரும்பங்கு; அதில் பெரும்பாலானது கார்ப்பெட் வகைக்குத்தான் ஆகும். கோட்டுத் துணிக்கான மெரினோ உரோமம் ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது. மெல்போர்ன், சிட்னி, ஃப்ரீமாண்டில் ஏலங்களில் விற்பதில் முக்கால் பங்குக்கு மேல் சீனா வாங்கிப்போகிறது. விலையை நிர்ணயிப்பதும் அங்குள்ள ஆலைகளின் பசிதான். 2022 டிசம்பர் 29-இல் நடைமுறைக்கு வந்த இந்திய ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தத்தால் உரோமத்துக்கு இறக்குமதி வரி இல்லாமல் போனது. அந்தச் சலுகை நூற்பாலைக்குப் பயன்பட்டது. கோவையில் நூறு மீட்டர் வாங்குகிறவர் வரை அது வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை.

பருத்தியைப் போல நூலை வாங்கித் தறிக்குக் கொடுக்கலாமே என்றால், கொங்கு நாட்டுத் தறியில் கம்பளி நூலை ஓட்டினாலும் அது கோட்டுத் துணியாகாது. கம்பளித் துணியின் குணத்தில் பாதி, நெசவுக்குப் பிறகு ஆலையில் நடக்கும் வேலைகளில் இருக்கிறது. வெந்நீரில் பிடித்து நிறுத்துவது, சோப்பில் பிசைந்து இறுக்குவது, மயிர் கத்தரிப்பது, நீராவியில் அழுத்துவது என்று நீளும் அந்த வரிசை அமிர்தசரஸ், வாபி, சிந்த்வாடா போன்ற இடங்களின் ஆலைகளுக்குள் இருக்கிறது. ஆகவே கம்பளியில் நாம் கடைசிப் படியில்தான் நிற்க முடியும். ஆலை, அதன் மொத்த ஏஜென்ட், அவர் காட்டும் சாம்பிள் கட்டு, அதில் ஒட்டிய சீட்டு. நமக்கும் உண்மைக்கும் நடுவில் அந்தச் சீட்டு மட்டும்தான்.

சீட்டைப் படிக்கத் தெரிய வேண்டும். முதலில் வொர்ஸ்டெடா, உல்லனா என்பது. நீள இழைகளைச் சீவி, குட்டை இழைகளை ஒதுக்கி நூற்றது வொர்ஸ்டெட். வழவழப்பாக, மடிப்பு நிற்கும்படி இருக்கும். சூட்டுக்கு அது. குட்டை இழைகளையும் சேர்த்து நூற்றது உல்லன். பொசுபொசுவென்று, ட்வீட், ஃபிளானல், கனத்த பிளேசருக்கு ஆகும். பழைய கம்பளித் துணிகளைக் கிழித்து மறுபடி நூற்பதும் இந்த வகையில்தான் வரும். 1813-இல் இங்கிலாந்தின் பேட்லி ஊரில் பெஞ்சமின் லா தொடங்கிய வேலை அது. இன்று அதன் பெரிய தலம் நம்முடைய பானிப்பட். மறுசுழற்சி நூலில் தவறேதும் இல்லை. அதைப் புது உரோமம் என்று சொல்லி விற்பதில்தான் தவறு.

அடுத்தது சூப்பர் என்ற எண். சூப்பர் 100, 120, 150 என்று துணியின் கரையில் நெய்து வைத்திருப்பார்கள். உலக உரோமத் துணி அமைப்பின் விதிப்படி சூப்பர் 100 என்றால் இழையின் சராசரி விட்டம் 18.75 மைக்ரானுக்கு மேல் போகக் கூடாது. எண் பத்து ஏறினால் அரை மைக்ரான் குறையும்: 120-க்கு 17.75, 150-க்கு 16.25. மெல்லிய இழை மென்மையாக விழும், விலையும் ஏறும். ஆனால் எண் பெரிதாக இருந்தால் துணி உழைக்கும் என்ற நம்பிக்கை தலைகீழ். மேசையில் முழங்கை தேயத் தேய உட்காரும் பையனுக்கும், ஒரு நாளில் நூறு தடவை குனிந்து நிமிரும் ஓட்டல் சிப்பந்திக்கும் 20, 21 மைக்ரான் துணிதான் தாங்கும். சூப்பர் 150-இல் சீருடை தைத்துக் கொடுத்தால் ஆறு மாதத்தில் முட்டி பளபளக்கும். இந்த எண்ணைக் கரையில் நெய்வதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படுவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. மேட் இன் இங்கிலாந்து என்ற கரையும் அப்படித்தான். எந்தத் தறியிலும் எந்த எழுத்தையும் நெய்யலாம்.

கோவையில் பள்ளிச் சீருடை தைக்கும் நண்பர் ஒருவர் ஏஜென்ட் கொண்டுவரும் சாம்பிள் கட்டைப் பிரித்ததும் முதலில் தீப்பெட்டி எடுப்பார். துணியின் ஓரத்தில் பாவிலிருந்து நான்கு இழை, ஊடையிலிருந்து நான்கு இழை தனித்தனியே உருவி, முறுக்கி, நெருப்பில் காட்டுவார். உரோமம் என்றால் மயிர் கருகும் நாற்றம் வரும்; தீயை எடுத்ததும் தானே அணையும்; நுனியில் நிற்கும் கரியை நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் என்றால் உருகி, கறுத்துக் கட்டியாகி நகத்துக்கு அசையாது. பருத்தியோ விஸ்கோஸோ காகிதம்போல எரிந்து சாம்பலாகும். ஒரு நாள் என் எதிரிலேயே செய்து காட்டினார். “பாருங்க, ஊடையில ஒரு நாத்தம், பாவுல ஒரு நாத்தம். பாவு பூரா பாலியெஸ்டருங்க. சீட்டுல உல் ரிச்சுனு போட்டிருக்கான்.” எவ்வளவு கலப்பு என்று தீப்பெட்டி சொல்லாது. அதற்கு 1956-இல் தொடங்கிய கோவையின் சிட்ரா ஜவுளி ஆராய்ச்சி நிலையத்துக்கோ ஜவுளிக் குழுவின் பரிசோதனைக்கூடத்துக்கோ துண்டு அனுப்ப வேண்டும். காரத்தில் உரோமம் கரையும், பாலியெஸ்டர் தங்கும். தங்கியதை நிறுத்து, கரைந்ததைக் கழித்துக் கணக்கிட்டு விழுக்காடு எழுதிக் கொடுப்பார்கள். ஒரு பரிசோதனைக் கட்டணம் ஒரு பிளேசர் துணி விலைக்குப் பக்கத்தில் வரலாம். 300 பிளேசர் ஆர்டரில் அது பெரிய தொகையா?

டெரிவுல் என்று நம் தையல்காரர்கள் சொல்லும் பாலியெஸ்டர் கம்பளிக் கலப்பை நான் கேலி செய்ய மாட்டேன். சமவெளி வெயிலிலும் மலைக் குளிரிலும் மாறி மாறிப் போட வேண்டிய, பெற்றோர் அடிக்கடி வெளுக்கப் போட முடியாத உடைக்கு அதுவே புத்திசாலித்தனமான துணி. கலப்பை மறைக்காமல் விற்றால் போதும். வைத்துப் பராமரிப்பதிலும் கவனம் வேண்டும்: பருத்தி ரோல் கிடங்கில் ஒரு வருடம் கிடந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது, கம்பளி ரோலில் அந்துப்பூச்சி புகுந்தால் ஒரு முனையில் போட்ட ஓட்டை சுற்றுச் சுற்றாகத் துணி நீளத்துக்கும் தொடரும்.

சீட்டை நம்புவதில் பருத்தியும் சளைத்ததில்லை. 2016-இல் எகிப்துப் பருத்தி என்று அமெரிக்கக் கடைகளுக்குப் போன இந்தியப் படுக்கை விரிப்புகளில் வேறு பருத்தி இருந்தது தெரிந்து பெரிய ரகளை ஆனது. 2020-இல் இயற்கைப் பருத்திக்கான கோட்ஸ் அமைப்பு, இந்தியாவில் 20,000 டன் பருத்திக்குப் போலிச் சான்று போடப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தது. 2022 ஜூன் முதல் அமெரிக்கா சீனாவின் ஷின்ஜியாங் பருத்தி கலந்த எதையும் துறைமுகத்திலேயே நிறுத்துகிறது. ஆகவே ஏற்றுமதிக்குத் தைக்கிறவர் துணியோடு காகிதத்தையும் வாங்குகிறார். பஞ்சு எந்த ஜின்னிங்கிலிருந்து வந்தது என்பது வரை. உள்நாட்டு யூனிட்டுக்கு இந்தச் சுமை இல்லை, இப்போதைக்கு.

கடனைப் பேசாமல் துணி வியாபாரத்தைப் பேச முடியாது. அறுபது, தொண்ணூறு நாள் கடன் இந்தத் தொழிலின் ரத்த ஓட்டம். 2023-24 கணக்காண்டிலிருந்து வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு ஒரு திருகு போட்டது. பதிவு செய்த சிறு, குறு உற்பத்தியாளரிடம் வாங்கினால் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறி, ஆண்டு முடிவில் பாக்கி நின்றால் அந்தச் செலவை அந்த ஆண்டுக் கணக்கில் கழிக்க முடியாது. தறிக்காரருக்குப் பாதுகாப்பாக வந்த சட்டம். ஆனால் வாங்கி விற்கும் வியாபாரி இதில் வரமாட்டார். தறிக்காரரிடம் நேரே வாங்கிக்கொண்டிருந்த சிலர் கடன் நாளுக்காக மறுபடி வியாபாரி பக்கம் ஒதுங்கினார்கள். கடனுக்கு வாங்கும் துணியின் விலையில் வட்டி ஒளிந்திருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள்தான் குறைவு. ரொக்கத்துக்கு 100, தொண்ணூறு நாளுக்கு 106 என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். வங்கியில் அதைவிட மலிவாகக் கிடைக்கும்.

ஜிஎஸ்டியில் பருத்தித் துணி, கம்பளித் துணி இரண்டுக்கும் 5 சதவீதம்தான். தைத்த பிறகு வித்தியாசம் வருகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள உடைக்கு 5, அதற்கு மேல் 18. பருத்திச் சட்டை அந்த எல்லைக்கு இந்தப் பக்கமே நிற்கும். அசல் கம்பளி பிளேசர் பெரும்பாலும் அந்தப் பக்கம் போய்விடும். 2,490 ரூபாய்க்குள் அடக்க வேண்டும் என்று துணியில் உரோமத்தின் விழுக்காட்டைக் குறைக்கச் சொல்லும் பேரம் இதனாலேயே நடக்கிறது.

சரக்கு வந்து இறங்கிய பின் என்ன செய்வது என்பதில் நம் யூனிட்டுகள் காட்டும் அலட்சியம் எனக்கு இன்றும் புரிவதில்லை. உலகம் முழுக்க நான்கு புள்ளி முறை என்று ஒன்று நடைமுறையில் இருக்கிறது. குறை மூன்று இஞ்சுக்குள் என்றால் ஒரு புள்ளி, ஆறு வரை இரண்டு, ஒன்பது வரை மூன்று, அதற்கு மேல் நான்கு. நூறு சதுர கெஜத்துக்கு நாற்பது புள்ளியைத் தாண்டினால் ரோல் பொதுவாக நிராகரிப்பு. வெளிச்சம் போட்ட மேசையில் துணியை ஓட்டிப் பார்க்க ஒருவர் போதும். அதோடு ஒவ்வொரு ரோலின் தலையிலிருந்தும் ஒரு சாண் துண்டை வெட்டி வரிசையாக அடுக்கி, பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை, டியூப் லைட்டில் ஒரு தடவை பார்க்க வேண்டும். ஒரே சாய லாட் என்று வந்தவற்றில் இரண்டு லாட் கலந்திருந்தால் அங்கே தெரியும். தைத்த பிறகு தெரிந்தால், சட்டையின் உடல் ஒரு நீலம், கை ஒரு நீலம்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்பார்கள். நேரம் இருந்தாக வேண்டும். காரணம், கிட்டத்தட்ட எல்லாத் துணி பில்லிலும் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி அச்சடித்திருக்கும்: வெட்டிய துணிக்குப் புகார் ஏற்கப்படாது. லாரி இறங்குவதற்கும் கட்டிங் மாஸ்டர் கத்தி வைப்பதற்கும் நடுவில் உள்ள நேரம்தான் வாங்கியவருக்கு இருக்கும் உரிமை முழுவதும். கோவை நண்பரின் யூனிட்டில் பின்னல் துணியைப் பிரித்துத் தளர்த்தி ஒரு நாள் மேசையில் போட்டுவைப்பது வழக்கம். இழுபட்டு வந்த துணி அந்த இடைவெளியில் தன் அளவுக்குத் திரும்பும். கம்பளி என்றால் நீராவி காட்டி ஆறவிடுவார்கள். அந்த ஒரு நாளில் ரோல் சோதனை, வாளிச் சலவை, தீப்பெட்டி எல்லாம் முடிந்துவிடும். கட்டிங் மாஸ்டரிடம் அவர் சொல்லி வைத்திருப்பது ஒன்றுதான்: “நானே போன் பண்ணி வெட்டச் சொன்னாலும் நாளைக்குத்தான் வெட்டோணும்.”